ஆன்கி நினைவட்டைச் செயலி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

மாலை நேரத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுப்பவன் என்ற முறையிலும், நீட் தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகளுக்குத் துணையாக உட்கார்ந்தவன் என்ற முறையிலும், கடந்த 14 மாதங்களாக ஆன்கி என்ற செயலியை ஏறக்குறைய நாள் தவறாமல் பயன்படுத்தி வருகிறேன். ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். செயலி எங்களிடம் ஒரு நாளும் பழுதாகவில்லை. அது சொன்ன வேலையைச் செம்மையாகச் செய்ததால்தான் எங்கள் வீட்டில் ஒரு பெரிய தவறு ஏழு மாதம் வெளியே தெரியாமல் இருந்தது. அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதை விளக்கவே இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

இதை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆன்கி என்பது ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் விடையும் கொண்ட அட்டைகளைக் கணினியிலோ கைபேசியிலோ காட்டும் செயலி. கேள்வியைப் பார்த்து மனத்துக்குள் விடை சொல்லிக்கொண்டு, அட்டையைத் திருப்பிப் பார்த்து, மீண்டும், கடினம், சரி, எளிது என்ற பொருள்படும் நான்கு பொத்தான்களில் ஒன்றை நாமே அழுத்த வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை மறுநாள், பிறகு சில நாள் கழித்து, பிறகு சில வாரம், சில மாதம் கழித்து என்று விலகி விலகி வரும். தவறவிட்ட அட்டை அப்போதே திரும்பி வரும். மறக்கப்போகும் தறுவாயில் கேட்டுவிட்டால் நினைவு நீடிக்கும் என்பதே இதன் அடிப்படை. டேமியன் எல்ம்ஸ் என்ற ஆஸ்திரேலியர், தாம் ஜப்பானிய மொழி படிப்பதற்காக எழுதி, 2006-இல் வெளியிட்டார். பெயரும் ஜப்பானியச் சொல்தான். மனப்பாடம் என்று பொருள். ஜப்பானியர் வாயில் அது ஏறக்குறைய ‘அங்கி’ என்று ஒலிக்கும் என்பதால், நம் காதுக்கு அது மேலே போட்டுக்கொள்ளும் உடுப்பாகிவிடுகிறது. பின்னால் சொல்லப்போகும் கதைக்கு அந்தப் பொருளும் பொருந்தாமல் இல்லை.

கணினிப் பதிப்பும், தன்னார்வலர்கள் எழுதிப் பராமரிக்கும் ஆண்ட்ராய்டுப் பதிப்பும் இலவசம். ஐபோன் பதிப்புக்கு மட்டும் 24.99 டாலர் ஒருமுறை கட்ட வேண்டும். அந்த வருமானத்தில்தான் மற்றவை நடந்து வந்தன என்பதால் அதைக் குறையாக நான் எண்ணவில்லை. விளம்பரம் கிடையாது. தமிழ் எழுத்துகள் பிசிறின்றித் தெரிகின்றன. அமைப்புப் பக்கம் மட்டும் பழைய ரயில்வே கால அட்டவணையைப் போல் இருக்கிறது. முதல் வாரம் அதற்குள் போகாமல் இருப்பதே நல்லது. ஒரே ஒரு மாற்றத்தைச் செய்துகொள்ளலாம். அட்டையை எப்போது திரும்பக் காட்டுவது என்று கணக்கிடும் பழைய முறை, போலந்தின் போஸ்னான் நகரில் மாணவராக இருந்த பியோத்தர் வோஸ்னியாக் 1987-இல் தம்முடைய சூப்பர்மெமோ நிரலுக்காக வகுத்ததன் வழிவந்தது. 2023-இன் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு முறையும் உள்ளேயே கிடைக்கிறது. நூற்றுக்கு 90 அட்டை நினைவில் இருக்க வேண்டும் என்பது அதன் இயல்பான இலக்கு. அதற்கு மாறிய பிறகு எங்கள் அன்றாடச் சுமை கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். மருமகள், அதாவது அந்த அக்கா மகள், பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். பிளஸ் ஒன்னில்தான் ஆங்கிலவழிக்கு மாறினாள். அவள் வார இறுதியில் போய்வந்த பயிற்சி மையத்தில் (பெயர் வேண்டாம்) உயிரியலை ‘வரிக்கு வரி’ படிக்க வேண்டும் என்று சொல்லி, என்சிஇஆர்டி பாடநூலின் வாக்கியங்களை உடைத்து ஒருவரிக் குறிப்புகளாக அச்சிட்ட ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை அட்டைகளாக்கினாள். போதாததற்கு, யாரோ பொதுவில் ஏற்றிவைத்திருந்த ஒரு தயார்நிலைத் தொகுப்பையும் பதிவிறக்கிக்கொண்டாள். வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துக் காட்டி, அதை நிரப்பச் சொல்லும் வகை அட்டைகளே அதில் பெரும்பாலும் இருந்தன. ஏழு மாதத்தில் 4,600 அட்டைகள் சேர்ந்தன. நாள்தோறும் விடியற்காலையில் 300 அட்டைகளை 40 நிமிடத்தில் முடித்துவிடுவாள். அட்டைக்கு எட்டு நொடி. ஒரு நாள்கூட விடாமல் 200 நாளைத் தாண்டிய வரிசையைப் பச்சைக் கட்டங்களாகக் காட்டும் நீட்சிநிரல் (செயலியோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்) ஒன்று உண்டு. அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டாள். அதற்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் ஆக்சிஜன் பிரிகை வளைவைப் பற்றிய அட்டை ஒன்று வந்தது. ஆக்சிஜனின் எந்த அழுத்தத்தில் இரத்தத்தின் ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் என்று காட்டும் வரைபடம் அது. வளைவின் வடிவத்தைக் கேட்கும் அந்த அட்டைக்கு, வாக்கியத்தை முழுதாகப் படிக்கும் முன்னரே, ‘சிக்மாய்டு’ (எஸ் எழுத்தின் வடிவம்) என்று சொல்லி அவள் நகர்ந்துவிட்டாள். அடுத்து, கார்பன் டை ஆக்சைடு கூடினால் வளைவு எந்தப் பக்கம் நகரும் என்ற அட்டை, ‘வலப்பக்கம்’ என்றாள். இரண்டும் சரி. வேதியியல்காரனுக்கு உரிய குறுகுறுப்பில் நான் ஒன்று கேட்டேன்.

“ஓடுகிறவனுடைய கால் தசை சூடாகும், அங்கே கார்பன் டை ஆக்சைடும் கூடும். அங்கே வளைவு வலப்பக்கம் போனால் தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்குமாம்மா, குறைவாகக் கிடைக்குமா?”

“வலப்பக்கம் போனா கூடும்தானே மாமா? ஹீமோகுளோபின் நிறையப் பிடிச்சுக்கும். அதனால தசைக்குக் கொஞ்சமாத்தான் கொடுக்கும்.”

வலம் என்றால் அதிகம் என்று அவளாகவே ஒரு பொருளை ஏற்றிவைத்திருந்தாள். உண்மை இதற்கு நேர்மாறு. வலப்பக்கம் நகர்வது என்றால், அதே ஆக்சிஜன் பகுதி அழுத்தத்தில் ஹீமோகுளோபின் முன்பைவிடக் குறைவாகவே ஆக்சிஜனைப் பிடித்துவைக்கிறது. கைவிடப்பட்டது தசைக்குப் போகிறது. நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் 104 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம் திசுக்களில் 40 ஆகிவிடுகிறது என்ற எண்கள் இரண்டும் அவளுக்குத் தனித்தனி அட்டைகளாகத் தெரியும். அந்த இரண்டு எண்களையும் அதே வளைவின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும், அப்படிப் பார்த்தால் அது ஏன் நேர்கோடாக இல்லாமல் வளைந்து கிடக்கிறது என்பது விளங்கும் என்பதும் தெரியாது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பற்றும் பகுதிகளான நான்கு ஹீம்களில் முதலாவது ஆக்சிஜனைப் பற்றியதும் அடுத்தவை பற்றுவது எளிதாகிறது. அதனால்தான் வளைவின் நடுப்பகுதி செங்குத்தாக ஏறுகிறது. அதனால்தான் திசுக்களின் அழுத்தத்தில் சிறு மாற்றம் ஏற்பட்டாலும் ஆக்சிஜன் மளமளவென்று கைமாறுகிறது. ஒரே வளைவின் எட்டு உண்மைகள் அவளிடம் எட்டு அட்டைகளாக, ஒன்றை ஒன்று அறியாத எட்டு வாடகைக்காரர்களைப் போல் குடியிருந்தன. எட்டையும் செயலி ‘முதிர்ந்தவை’, அதாவது நினைவில் நன்றாகப் பதிந்தவை, என்று வகைப்படுத்தியிருந்தது.

இங்கேதான் கல்வி உளவியலில் பழையதொரு பாகுபாட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1976-இல் சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபெரென்ஸ் மார்ட்டன், ரோஜர் சால்ஜோ என்ற இருவர், மாணவர்களிடம் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, பிறகு கேள்வி கேட்போம் என்று சொல்லி, எப்படிப் படித்தார்கள் என்பதையும் விசாரித்தார்கள். சிலர் கட்டுரையின் சொற்களையே பிடித்துக்கொண்டு, என்ன கேட்பார்களோ என்று அவற்றை நினைவில் இருத்த முயன்றார்கள். வேறு சிலர் எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடினார்கள். முதலாவதை மேலோட்டக் கற்றல் என்றும் இரண்டாவதை ஆழ்கற்றல் என்றும் அழைக்கலாயினர். இது மாணவரின் பிறவிக்குணத்தைப் பற்றிய பேச்சன்று. ஒரு வேலையை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பற்றியது. அதே பெண் ஒரு பாடத்தை ஆழமாகவும் இன்னொன்றை மேலோட்டமாகவும் அணுகக்கூடும். என் மருமகளே கணக்கில் சூத்திரத்தை வருவித்துப் பார்க்காமல் விடமாட்டாள். உயிரியல் என்றதும் வரிக்கு வரி என்ற கட்டளை நினைவுக்கு வந்துவிடும்.

ஆன்கி இந்த வேறுபாட்டைக் காணும் கண் இல்லாதது. ‘சிக்மாய்டு’ என்ற சொல் புரிந்து வந்ததா, வாக்கியத்தின் நீளத்தை அடையாளம் கண்டு வந்ததா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் மதிப்பெண் போடுபவரும் நாமே. இந்த வகைச் செயலிகளின் மூதாதை என்று சொல்லத்தக்க ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், 1885-இல் மறதியின் வேகத்தை அளந்து வெளியிட்டபோது, தம்மேலேயே செய்த சோதனைகளுக்குப் பெரும்பாலும் பொருளற்ற அசைகளையே எடுத்துக்கொண்டார். பொருள் இருந்தால் நினைவு அதைப் பற்றிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால் அப்படிச் செய்தார். அவர் தள்ளிவைத்ததுதான் மாணவருக்கு வேண்டியது. பொருளற்றதை மறக்காமல் வைத்திருக்கவும் இந்த முறை பயன்படும் என்பதே இதன் வலிமை. மாணவர் கையில் அதுவே பொறியாகவும் ஆகிறது.

எனக்கும் இதே அடி விழுந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. மருமகளுக்குத் துணையாக நானும் ஒரு தொகுப்பு வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் வயல்களில் தெரியும் பறவைகளின் படங்கள் ஒருபுறமும் பெயர்கள் மறுபுறமுமாக 120 அட்டைகள். இரண்டு மாதத்தில் எல்லாம் மனப்பாடம். அறுவடை முடிந்த வயல் ஒன்றில் எருமைக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக் கொக்கைக் காட்டி, நண்பரிடம் உண்ணிக்கொக்கு என்று கம்பீரமாகச் சொன்னேன். அலகு கறுப்பாக இருக்கிறதே என்றார் அவர். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். கறுத்த அலகும் கறுத்த காலும் மஞ்சள் பாதமும் சின்னக் கொக்குக்கு உரியவை. வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தேன். உண்ணிக்கொக்குப் படத்தில் மட்டும் பின்னால் ஒரு எருமை நின்றது. இரண்டு மாதமாக நான் மனப்பாடம் செய்திருந்தது எருமையை.

இதனால் மனப்பாடமே கெட்டது என்ற முடிவுக்கு வருபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது நம் மரபுக்கும் பொருந்தாது, ஆய்வுக்கும் பொருந்தாது. ஹாங்காங் மாணவர்களும் சீன மாணவர்களும் ஓயாமல் உருப்போடுவதாகத் தோன்றினாலும் நன்றாகப் புரிந்துகொள்கிறார்களே என்று வியந்து, 1990-களில் கல்வி உளவியலாளர் ஜான் பிக்ஸ் உள்ளிட்டோர் ஆராய்ந்தபோது, புரியாமல் திரும்பச் சொல்வது வேறு, புரிந்துகொள்வதற்காகத் திரும்பச் சொல்வது வேறு என்ற தெளிவு கிடைத்தது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, ‘பாடம் போற்றல்’ என்பதையும் ‘கேட்டவை நினைத்தல்’ என்பதையும் அடுத்தடுத்து வைத்து, அதோடு நிறுத்தாமல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று தொடர்கிறார். மனப்பாடம் அந்த வரிசையில் இருக்கிறது, தனியாக இல்லை. மாணாக்கரைத் தரம் பிரிக்கும் இடத்தில், சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியை அவர் கடைமாணாக்கராக வைக்கவில்லை, இடையில்தான் வைத்தார். கடைசி வரிசைக்குப் போனவற்றுள் ஒன்று, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும் நெய்யரி. 4,600 அட்டைகளில் எத்தனை நெய், எத்தனை கசடு என்று அன்று இரவு இருவரும் எண்ண ஆரம்பித்தோம்.

எண்ணும் வேலைக்குச் செயலியே ஒரு நல்ல கருவி தருகிறது. ஓர் அட்டையை எட்டு முறை மறந்துவிட்டால், ஆன்கி அதற்கு ‘லீச்’ என்று பெயர் சூட்டி, வரிசையிலிருந்து விலக்கி நிறுத்திவிடும். உறிஞ்சும் உயிரியான அட்டை என்று பொருள். நம் மொழியில் இரண்டும் அட்டையாகவே அமைந்துவிட்டதால், ‘அட்டையாகிவிட்ட அட்டை’ என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு உருவாயிற்று. அப்படி ஒதுக்கப்பட்ட 340 அட்டைகளையும் வரிசையாகப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே அவளுக்குப் புரியாத பகுதிகளில் இருந்தன. நினைவு தவறவில்லை, நினைவு பற்றிக்கொள்வதற்கு அங்கே எதுவும் இல்லை. புரியாதவற்றைக் காட்டும் பட்டியலாக இதைப் பயன்படுத்தலாம் என்பது நான் கண்ட மிகப் பெரிய பயன். ஆனால் எட்டு முறை மறக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும், சிக்மாய்டைப் போல் நன்றாக நினைவிருக்கும் புரியாதவை அதில் அகப்படவே மாட்டா என்பதும் இதன் குறை.

வோஸ்னியாக்கே 1999-இல் அட்டை எழுதுவதற்கான 20 விதிகளை எழுதினார். அவற்றில் முதல் விதி, புரியாததைப் படிக்காதே என்பதுதான். பிறர் செய்த தொகுப்பைவிடத் தாமே செய்த அட்டையே சிறந்தது என்று ஆன்கியின் கையேடும் சொல்கிறது. கையேட்டைப் படித்துவிட்டா செயலியைத் திறக்கிறோம்?

பழைய தொகுப்பில் 3,100 அட்டைகளை அழித்தோம். பிள்ளை அழுதேவிட்டாள், ஏழு மாத விடியற்காலைகள் அவை. அக்காவும் என்மேல் கோபப்பட்டாள். பிறகு ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தமிழில், வீட்டில் பேசுகிற தமிழில், எனக்கோ அக்காவுக்கோ சொல்லிக்காட்டிய பிறகுதான் ஆங்கிலத்தில் அட்டை எழுத வேண்டும். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால், அவளுக்குச் சொல்வதுதான் கடினம். அவள் குறுக்கே கேட்கும் கேள்விகளும் அப்படித்தான் இருக்கும். புதிய அட்டைகளின் எண்ணிக்கை நாளைக்கு ஆறு ஏழாகச் சரிந்தது.

வேதியியலில் நானே சில அட்டைகளை எழுதிக்கொடுத்தேன். தனிம அட்டவணையில் ஒரே தொகுதியில் கீழே போகப்போக அணு ஆரம் கூட வேண்டும். ஆனால் அலுமினியத்துக்கு 143 பிக்கோமீட்டர், அதற்குக் கீழே உள்ள காலியத்துக்கு 135. விதிவிலக்கு என்று தனியாக உருப்போட வேண்டிய செய்தியாகவே இதை மாணவர்கள் வைத்திருப்பார்கள். அதே மாணவர்கள் வேறொரு பாடத்தில், ஜிர்கோனியம் 160, ஹாஃப்னியம் 159 என்று ஏறக்குறைய சமமாக இருப்பதை லாந்தனைடு குறுக்கம் என்ற தலைப்பில் இன்னொரு விதிவிலக்காக உருப்போடுவார்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உள்ளே புதிதாக நிரம்பிய எலக்ட்ரான்கள், ஒன்றில் டி வகையும் மற்றொன்றில் எஃப் வகையும், கருவின் இழுப்பை வெளி எலக்ட்ரான்களிடமிருந்து சரியாக மறைக்கவில்லை. கருவிலோ மின்சுமை கூடிவிட்டது. ஆகவே வெளிக்கூடு உள்ளே இழுக்கப்பட்டது. இந்த இரண்டையும் ஒரே அட்டையில் வைத்து, ‘இவற்றை இணைக்கும் காரணம் என்ன?’ என்று கேட்கும்படி எழுதினேன். எனக்கு என் கைவண்ணத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மூன்றே வாரத்தில் அந்தப் பெருமை போயிற்று. அட்டை வந்ததும், மறைத்தல் விளைவு குறைவு என்று அவள் எட்டு நொடிக்குள் சொல்லிவிட்டு நகர்ந்தாள். மறைத்தல் என்றால் என்ன, எதை எது மறைக்கிறது என்று கேட்டால் விழித்தாள். ‘ஏன்’ என்ற கேள்விக்கான விடையும் உருப்போடத்தக்க ஒரு சரமாகிவிட்டது. இதுவும் கோதன்பர்க்கில் முன்பே நடந்ததுதான். ஆழமாகப் படிக்கவைக்கும் நோக்கத்தோடு, ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் சுருக்கமும் தொடர்பும் கேட்கும் கேள்விகளை அவர்கள் வைத்துப் பார்த்தபோது, மாணவர்களில் பலர் அந்தக் கேள்விகளை எதிர்பார்த்து, அவற்றுக்கு விடை சொல்ல எவ்வளவு போதுமோ அவ்வளவு மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆழத்துக்கென்று வைத்த படியையும் மேலோட்டமாகவே தாண்டிவிட முடிகிறது. வினாத்தாள் எடுப்பவர்கள் எல்லோரும் இதை ஒரு முறையாவது அனுபவித்திருப்பார்கள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை விட்டுவிட்டு உள்ளிருந்து ‘கிரியேட்டிவ்’ கேள்வி எடுத்தால், அடுத்த ஆண்டே அந்தக் கேள்விகளும் விடைகளோடு கைடில் ஏறிவிடும்.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, செயலி நினைத்திராத ஒரு பயன்பாடு என்றே சொல்ல வேண்டும். சில அட்டைகளின் பின்புறத்தில் விடையே இல்லை. ‘வளைவைத் தாளில் வரை, இரத்தம் நுரையீரலிலிருந்து தசைக்குப் போகும் வழியை அதன்மேல் பேனாவால் ஓட்டிக்காட்டு’ என்று முன்புறம் இருக்கும், பின்புறத்தில் நான் கேட்கக்கூடிய இரண்டு குறுக்குக் கேள்விகள் மட்டும் இருக்கும். வரைந்து, குறுக்குக் கேள்விக்கும் பதில் சொல்ல முடிந்தால்தான் ‘சரி’. முன்பு சொன்ன அதே சொற்களில் பதில் வந்தால் ‘மீண்டும்’. இப்படிப்பட்ட ஓர் அட்டைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். புள்ளிவிவரப் பக்கம் இதைக் கண்டு முகம் சுளிக்கும். சராசரி நேரம் ஏறும், பச்சைக் கட்டங்கள் வெளிறும். செயலி எதை அளந்து காட்டுகிறதோ அதைக் கூட்டவே மனிதர் முயல்வார்கள் என்பதால், பரிசோதனைக்காக ஒரு மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்தோம். எதுவும் கெட்டுப்போகவில்லை.

எல்லாவற்றையும் இப்படிச் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீட் தேர்வில் 180 நிமிடத்தில் 180 கேள்விகள். அவற்றில் 90 உயிரியல். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடும். தாவரக் குடும்பங்களின் பெயர்களையும், வினைபொருள்களின் பெயர்களையும், ஹார்மோன்களின் சுரப்பிடங்களையும் அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவை நாவின் நுனியில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர் நோயல் என்ட்விசிலும் ஆஸ்திரேலியாவில் முன்பு சொன்ன ஜான் பிக்ஸும், மேலோட்டம், ஆழம் என்ற இரண்டோடு, மதிப்பெண்ணைக் குறிவைத்துத் தேவைக்கேற்ப இரண்டையும் கையாளும் மூன்றாவது அணுகுமுறை ஒன்றையும் சேர்த்தார்கள். நீட் எழுதும் பிள்ளைக்கு அது தேவைதான். தேர்வு எதைக் கேட்கிறதோ அதற்கேற்பவே பிள்ளைகள் படிப்பார்கள் என்பதால், வரிக்கு வரி கேள்வி வரும் வரை வரிக்கு வரி படிக்கும் பயிற்சியும் இருக்கும். ஆகவே அழிக்காமல் விட்ட 1,500 அட்டைகளில் பெரும்பகுதி பச்சை மனப்பாடம்தான். அந்த வேலையில் ஆன்கியை மிஞ்ச எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடித் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது கூடுதலாக நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவரே முந்துவார் என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் படிப்பவருக்கு இந்தச் செயலி உதவாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

சில நடைமுறைக் குறிப்புகள். ஒரு நாளைக்கு 20 புதிய அட்டைகள் என்பது இயல்பான அமைப்பு; பாடப் படிப்பும் இருக்கும் பிள்ளைக்கு அதுவே அதிகம். குடும்பத் திருமணம் ஒன்றுக்காக ஐந்து நாள் விட்டதில் 900-க்கு மேல் குவிந்துவிட்டது. அந்தக் குவியலைப் பார்த்துப் பலர் செயலியையே நீக்கிவிடுகிறார்கள் என்பதில் வியப்பில்லை. படத்தின் பகுதிகளை மறைத்துக் கேட்கும் வசதி இப்போது உள்ளேயே வருகிறது. இதயப் படத்துக்கு அது அருமை, ஆனால் ஒரே படத்தை வைத்தால் எருமைக் கதை திரும்பும் என்பதால், ஒரே உறுப்புக்கு மூன்று வெவ்வேறு படங்களாவது போடுங்கள். இயற்பியல் கணக்குகளுக்கு இதை வாங்காதீர்கள்; அங்கே ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் போதும். மொழி படிப்பவர்கள் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்காகப் பிறந்த செயலி இது.

மருமகள் இந்த ஆண்டும் எழுதப்போகிறாள். அவளுடைய தொகுப்பில் இப்போது 1,900 சொச்சம் அட்டைகள். போன வாரம், அதே ஆக்சிஜன் வளைவை ஒரு தாளில் வரைந்துகொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, “வயித்துல இருக்கிற குழந்தைக்கு அம்மா ரத்தத்துல இருந்துதானே மாமா ஆக்சிஜன் வரணும்? அப்போ குழந்தையோட வளைவு அம்மாவோட வளைவுக்கு இடப்பக்கம் இருந்தாத்தானே பிடுங்க முடியும்?” என்று கேட்டாள். என் பாடம் அன்று. எனக்குத் தெரியாது. இருவரும் தேடிப் பார்த்தோம், இடப்பக்கம்தான் இருக்கிறது. இதற்கு அட்டை போட்டாயா என்று நேற்றுக் கேட்டேன். தேவைப்படாது என்றாள்.